மில்லடிக்குக் கொண்டுபோன தாள்

அடுத்த மாதக் கப்பலில் உங்கள் பாக்கியம் அத்தை வருகிறாள். வந்தால் நம்மோடுதான் இருப்பாள். அவளை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. "சிலோன்காரி வரப்போறாளாமே" என்று தெருவில் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. நேற்றுச் சின்னவன் என்னிடம், "அத்தை ஏம்ப்பா அவங்க ஊரை விட்டுட்டு வர்றாங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு மரக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருந்தால் சரோஜா திருத்திக்கொள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தரம் நான் இலங்கைக்குப் போய்வந்தது உங்களில் மூத்தவள் சரோஜாவுக்காவது நினைவிருக்கும். வரும்போது ஆளுக்கொரு பென்சிலும், ஒரு டப்பாவில் தேயிலைத் தூளும் கொண்டுவந்தேன். அங்கே என்ன நடந்தது என்று உங்கள் அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

அத்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் எழுதியிருந்தார். அந்த நாட்டுப் பிரஜையாகப் பதிய அத்தை மனுப் போட்டு வருஷக் கணக்காகிறது, இப்போதுதான் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கேயே பிறந்து அங்கேயே இருந்தவள் என்று காட்ட வேண்டும், காட்டினால் இருக்கலாம், இல்லாவிட்டால் ஒருநாள் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. கடைசியில் அத்தை சொன்னதை அப்படியே போட்டிருந்தார்: "எம் பேரு எழுதின ஒரு துண்டுக் காயிதமும் இந்த நாட்டுல இல்ல தம்பி. அப்பா பெட்டியில ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கிட்டு வா."

தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வேட்டிக்கு அடியில் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷ் தாள். மேலே அரசாங்க முத்திரை, அடியில் ஊதா மையில் ஒரு ஸ்டாம்பு. கட்டைகளுக்குக் குறி போடுவதால் இங்கிலீஷ் பெரிய எழுத்து எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். தாத்தா பெயர், பாட்டி பெயர், பாக்கியம், அப்புறம் என் பெயர். கீழே 'மில்' என்ற சொல். நம் போஸ்ட்மாஸ்டரிடம் அதைக் காட்டி, "இதில் எங்கள் அக்கா பெயர் இருக்கிறதா, மில் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே பார்த்துவிட்டு, இரண்டும் இருக்கிறது என்றார். எனக்கு அது போதும். அந்தத் தாளை எண்ணெய்த் துணியில் சுற்றி, பனியனுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள். தனுஷ்கோடியில் ரயில் கடல் ஓரத்திலேயே போய் நின்றது. அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை, புயல் கொண்டுபோய்விட்டது. நான் போனபோது அங்கே மீன் குழம்புச் சாப்பாடு கிடைத்தது. கப்பலில் என் பக்கத்தில் பரமக்குடித் தையல்காரர் ஒருவர். எத்தனையோ தரம் கடலைத் தாண்டியவன் என்று பெருமை அடித்துக்கொண்டே வந்தார். கரை மறைவதற்குள் தன் தொப்பியைக் கழற்றி அதிலேயே வாந்தி எடுத்தார். நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு நெஞ்சில் கையை வைத்தபடி இருந்தேன். "காசு வச்சிருக்கீங்களா?" என்று அவர் ஈனக் குரலில் கேட்டார். "காசு இல்லைங்க, எங்க அக்கா" என்றேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் மலை ரயில். கீழே புழுக்கம், தென்னை மரம். மேலே போகப் போகக் காற்று மாறியது. அட்டன் வந்தபோது வேட்டியை அவிழ்த்துப் போர்த்திக்கொள்ளலாமா என்று ஆகிவிட்டது. நம் முசிறியில் மார்கழியில்கூட இந்தக் குளிர் கிடையாது. தலவாக்கலையில் ஒருவன் கூடையில் வடை கொண்டுவந்தான். நம் ஊர்ப் பருப்பு வடைதான், ஆனால் மேலே ஒரு இறால் உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்த ருசி பன்னிரண்டு வருஷம் கழித்து நாக்கில் பட்டது. கண் கலங்கியது மிளகாயாலா வேறெதனாலா தெரியவில்லை.

நான் அந்த நாட்டில்தான் பிறந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பதினேழு வயதில் தாத்தாவோடு வந்துவிட்டேன். ரயில் ஜன்னலில் தேயிலை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதிரே இருந்த பெண் ஒருத்தி தன் குழந்தையிடம், "அந்தா பாரு, அம்மாயி மலை" என்று காட்டினாள். அவளுக்கு அங்கே அம்மாயியும் மலையும் இருந்தன. எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

நானுஓயாவில் இறங்கினேன். முன்பு அங்கே இறங்கினால் எதிர்ப் பிளாட்பாரத்தில் சின்ன ரயில் நிற்கும். பெட்டிகள் நம் மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம்தான் அகலம். அது நுவரெலியா தாண்டி, கந்தப்பளை தாண்டி, ராகலை வரை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். இப்போது அந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. பஸ்ஸில்தான் போக வேண்டும்.

பஸ் ஏற்றத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்சக்கரத்தை உதைத்தார். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சத்தம் போட்டார், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிங்களம் மறந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "எல்லாரும் இறங்குங்கள், டிக்கெட் வாங்கியது உட்காருவதற்கு மட்டும்தான், தள்ளுவது இலவசம் என்கிறான்." தள்ளினோம். சேறு முழங்கால் வரை அடித்தது. இப்படி இரண்டு தரம். கந்தப்பளைக்கு இப்பால் என்னை இறக்கிவிட்டபோது மழைத் தூறலில் பகலே மங்கிக் கிடந்தது.

அங்கிருந்து அத்தை இருக்கும் மில்லடிக்குப் பழைய ரயில் பாதை மேலேயே நடந்தேன். தண்டவாளம் இல்லை. கட்டைகள் இருந்த குழிகளில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கியவர்களில் நானும் ஒருவன், பிள்ளைகளே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாதையில் எதிரே ஒரு பெண் வந்தாள். முதுகில் கூடை நிறைய லீக்ஸ், வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்கறி. கூடையின் கயிறு தலையில். குனிந்தபடி நடந்தாள். சாக்குப் பையை முக்காடாகப் போட்டிருந்தாள். நான் விலகி வழிவிட்டேன். அவள் தாண்டிப் போய், நின்று, திரும்பினாள்.

"டேய், வழி விடுறான் பாரு, பெரிய தொரை" என்றாள்.

அதுதான் உங்கள் அத்தை. நான் கூடையை வாங்கப் போனேன், அவள் கொடுக்கவில்லை. தலையில் இருந்த கயிற்றைத் தொட்டுக் காட்டி, "ஏறிருச்சுடா. அப்பா பாத்திருந்தா மலையிலேருந்து குதிச்சிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு உங்களுக்குப் புரிய வேண்டுமானால் மில்லடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது தோட்டம் இல்லை. சின்ன ரயில் போட்ட காலத்தில், பாதை ஓரமாக ஒரு வெள்ளைக்காரக் காண்டிராக்டர் மரம் அறுக்கும் மில் வைத்தார். பெரிய பாய்லர், நீராவியில் ஓடும் வட்ட ரம்பம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை, தேயிலை அடைக்கப் பலகைப் பெட்டி, பாக்டரி அடுப்புகளுக்கு விறகு, எல்லாம் அங்கே அறுத்து அங்கேயே வண்டியில் ஏற்றுவார்கள். முசிறி, துறையூர்ப் பக்கத்திலிருந்து மரம் அறுக்கத் தெரிந்த முப்பது குடும்பங்களைக் கொண்டுவந்தார். உங்கள் தாத்தா ரம்பத்துக்குப் பல் தீட்டுபவர். காதாலேயே கண்டுபிடிப்பார். ரம்பம் பாடுகிற சத்தத்தைக் கேட்டு, இன்ன பல் மழுங்கிவிட்டது என்பார்.

தோட்டத்தில் விடியுமுன் தப்பு மேளம் அடிப்பார்கள். எல்லோரும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். கங்காணி ஏசுவார், கணக்கப்பிள்ளை ஏசுவார், துரை ஏசுவார். மில்லடியில் இதெல்லாம் கிடையாது. ஏழு மணிக்கு ஒரு சங்கு, அவ்வளவுதான். அதனால் எங்கள் ஆட்களுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. மில்லடிப் பெண் தலையில் கூடைக் கயிறு ஏறக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எங்கள் பெண்கள் விறகையும் தண்ணீரையும் தலைமேல் வைத்துச் சுமப்பார்கள். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டுவது தோட்டத்துப் பெண்கள் செய்வது. அதேபோல மில்லடிக்காரன் எவனும் தோட்டத்து ஆபீஸ் படி ஏற மாட்டான். தோட்டத்துப் பிள்ளைகளோடு நாங்கள் விளையாடினால்கூட வீட்டில் அடி விழும். ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள்தான் இரண்டு பேரும்.

பிறகு லாரி வந்தது. வெளிநாட்டிலிருந்து லேசான ஒட்டுப்பலகைப் பெட்டிகள் கட்டுக் கட்டாக வந்தன. சின்ன ரயிலில் முதலில் சனங்களை ஏற்றுவதை நிறுத்தினார்கள். சுதந்திரம் கிடைத்த சமயத்தில் சரக்கையும் நிறுத்திவிட்டார்கள். வெள்ளைக்காரர் மில்லை யாருக்கோ விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் இரண்டு தரம் வந்து பார்த்தார், மூன்றாம் தரம் வரவில்லை. வேலையில்லாமல் இருந்த எங்களுக்குக் கடைசியாக ஒரு வேலை கிடைத்தது. தண்டவாளத்தைக் கழற்றுவது. முப்பது வீட்டு ஆண்களும் ராகலைப் பக்கத்திலிருந்து கழற்றிக்கொண்டே வந்தோம். கழற்றிய தண்டவாளத்தை அதே ரயிலில் ஏற்றினோம். ரயில் தன் பாதையைத் தானே சுமந்துகொண்டு பின்னால் பின்னால் போனது. மில்லடியைத் தாண்டிப் போன அன்று பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பாய்லரை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை. அதைத் தூக்கிவர ரயில் இல்லையே.

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தோட்டத் துரைக்கு ஆள் தேவைப்பட்டது. மில்லடிப் பெண்கள் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பெயர் கொடுத்தால் எல்லோரும் அங்கேயே இருக்கலாம் என்று கணக்கப்பிள்ளையை அனுப்பினார். முனியாண்டி கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். முடியாது என்று பதில் போனது. அன்று எல்லோரையும்விட உரக்கப் பேசியவர் உங்கள் தாத்தா. "பட்டினி கெடந்தாலும் கெடப்போம், எங்க வீட்டுப் பொண்ணு தலையில கயிறு ஏறாது" என்றார். பையன்கள் நாங்கள் விசில் அடித்தோம்.

அடுத்த வருஷமே சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இத்தனை வருஷம் இங்கே இருந்தோம் என்று காட்டினால்தான் பிரஜை. தோட்டத்து ஆட்களிலும் எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்குக் காட்டச் செக்ரோல் இருந்தது, துரை கடிதம் கொடுத்தார். மில்லடிக்கு என்ன இருக்கிறது? மில்லின் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. பல குடும்பங்கள் முசிறிக்கே திரும்பின. தாத்தாவும் கிளம்பினார். அத்தைக்கு அப்போதுதான் ராமையா மாமாவோடு கல்யாணம் ஆகியிருந்தது. அவரும் மில் ஆள். வர மாட்டேன் என்றார், அத்தையும் அவரோடு நின்றுவிட்டாள். தாத்தாவுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. கிளம்பிய அன்று அத்தை வழியனுப்பக்கூட வரவில்லை.

இனி பயணத்துக்கு வருகிறேன். அத்தை வீடு பழைய லயத்தின், அதாவது வரிசை வீடுகளின், கோடியில் இருந்தது. முப்பது வீட்டில் நாலில்தான் புகை வந்தது. மற்றவற்றின் கூரைத் தகரத்தை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். மாமா இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. கூலிக்கு மரம் வெட்டப் போன இடத்தில், மழையில் கட்டை உருண்டு அவர்மேல் ஏறிவிட்டது. பாதைக்கு மேலே சவுக்கு மரத்தடியில் புதைத்திருந்தாள். நம் ஊர்ச் சவுக்கு வேறு, அங்கே தேயிலைக்கு நிழல் தரும் ஒரு மரத்துக்கு அந்தப் பெயர். பழைய ரயில் பாதையில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தாள்.

தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டுப்போட்டாள். கல்லில் இடித்த தேங்காய்ச் சம்பல். வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சாயத் தண்ணி, பால் இல்லாத தேநீர். நான் ஐந்து ரொட்டி தின்றேன். "ஒங்க ஊர்ல அக்காக்காரி இல்லாம யாருடா சுட்டுப்போட்டா?" என்றாள். உங்கள் அம்மா நன்றாகச் சமைப்பாள் என்றேன். "ஆமா, எலும்பு தெரியுது" என்றாள்.

தாளைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "எது எம் பேரு?" என்று கேட்டாள். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு முகம் மாறிவிட்டது.

"இத எப்ப எழுதுனாரு? எம் பேர வெட்டிட்டுத்தானே அப்பா கப்பல் ஏறுனாரு."

தோட்டங்களில் ஒருவரை வேலையை விட்டு நீக்குவதைப் பேர் வெட்டுவது என்பார்கள். ஏதோ பழைய தாள், சண்டைக்கு முந்தியதாக இருக்கும் என்றேன்.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் முழுக்க மழை. அந்தோணி அண்ணன் வந்தார். சின்ன ரயிலில் கரி தள்ளியவர். ரயில் போன பிறகும் அவரை ரயில்வேயில் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், அதனால் அவரிடம் தாள்கள் இருந்தன. அவர் பிரஜை. அத்தைக்குச் சாட்சி சொல்ல வருவதாக இருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் என்னைப்போலப் பெரிய எழுத்துதான் தெரியும்.

"தம்பி, இத யாராச்சும் முழுசா வாசிச்சாங்களா?" என்று கேட்டார்.

போஸ்ட்மாஸ்டர் பார்த்தார் என்றேன்.

"பாக்குறது வேற, வாசிக்கிறது வேற. மேல தோட்டத்து ஆபீஸ்ல பெரிய கிளாக்கர் இருக்காரு, நல்ல மனுசன். அரை மணி நேரத்துல போயிட்டு வந்துறலாம்."

அத்தை அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அந்த ஆபீஸ் படியிலயா? அங்க போயி நிக்கிறதா இருந்தா பன்னெண்டு வருசத்துக்கு முந்தியே பேரு குடுத்திருப்பேனே. எதுக்கு இத்தன வருசம் மண்ணு கொத்துனேன்?"

அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆண்பிள்ளை, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்போம். எனக்கும் உள்ளே அதே கொழுப்புத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் முசிறியில் மூட்டை தூக்கியும் அது போகவில்லை. "வேண்டாங்கண்ணே, பேரும் ஊரும் இருக்கு, முத்திரையும் இருக்கு" என்றேன். அவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஐந்தாம் நாள் விசாரணை. டவுனில் உள்ள கச்சேரிக்குப் போனோம். கச்சேரி என்றால் பாட்டு இல்லை, அங்கே கலெக்டர் ஆபீஸுக்கு அந்தப் பெயர். அத்தை கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். தாழ்வாரம் முழுக்க எங்களைப்போன்ற சனம். ஒருவர் கையில் செத்துப்போனவரின் படம், ஒருவர் கையில் துரை கொடுத்த கடிதம், ஒரு பெண் தான் குழந்தையாக இருந்தபோது போட்ட வெள்ளிக் கொலுசைக் கொண்டுவந்திருந்தாள். அதை என்ன செய்யப் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்களைக் கூப்பிட மத்தியானம் ஆகிவிட்டது.

அதிகாரி நடுத்தர வயது. சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைச் சிந்தினார். இங்கிலீஷில் கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தமிழில் சொன்னார்.

"பிள்ளை, நீ எங்கை பிறந்தனி?"

"மில்லடியிலதாங்க."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான்தாங்க அத்தாட்சி. வேற எங்கயாச்சும் பொறந்திருந்தா, இந்தத் தொரைக்கே சளி புடிக்கிற குளுரு எனக்கு மட்டும் எப்படிங்க தாங்கும்?"

பெரியவர் அதை மாற்றிச் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் வந்தது. அந்தோணி அண்ணன் தன் ரயில்வேத் தாளைக் காட்டி, இந்தப் பெண்ணைக் குழந்தையிலிருந்து தெரியும், ஒருநாளும் வெளிநாடு போனதில்லை என்று சத்தியம் செய்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். இன்னொரு சாட்சி வேண்டும், அக்கம்பக்கத்துச் சிங்களவர் யாரையாவது அடுத்த மாதம் கூட்டிவா, பார்க்கலாம் என்றார். தன்னிடம் காய் வாங்கும் சிங்களக் கடைக்காரர் வருவார் என்றாள் அத்தை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

நான் எழுந்தேன்.

கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறேனே, காட்டாமல் போவதா என்று தோன்றியது. அடுத்த மாதம் நான் இருக்க மாட்டேன். "ஐயா, எங்கள் அக்கா பெயரோடு சர்க்கார் தாளே இருக்கிறது" என்று சொல்லி மேசைமேல் வைத்தேன். மடிப்பை நானே நீவிவிட்டேன்.

அதிகாரி ஒரு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். இதில் இருக்கும் பாக்கியம் நீதானா என்று கேட்கச் சொன்னார்.

"ஆமாங்க, நானேதாங்க" என்றாள் அத்தை. முகம் நிறையச் சொன்னாள்.

அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் தாளை வாங்கி அடிவரை படித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக, "இந்தக் கடதாசியை ஏன் காணும் கொண்டு வந்தனீர்?" என்றார்.

தாத்தா இந்தியாவுக்குக் கிளம்பும்போது சர்க்காருக்கு எழுதிக் கொடுத்த தாளின் பிரதி அது. நானும் என் மனைவியும் மகள் பாக்கியமும் மகனும் இந்த நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறோம், திரும்பி வர மாட்டோம், எங்களுக்கு இங்கே எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதி, அடியில் தாத்தா ரேகை வைத்திருக்கிறார். அவர்களும் முத்திரை வைத்திருக்கிறார்கள்.

அவள் போகவேயில்லை என்று அந்தோணி அண்ணன் கத்தினார். நானும் சொன்னேன், மூன்று பேர்தான் கப்பல் ஏறினோம் என்று. போகவில்லை என்பதற்குத் தாள் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. போனதாக இவர்களே கொண்டுவந்த தாள் சொல்கிறது, போயிருந்தால் அனுமதி இல்லாமல் திரும்பி வந்திருக்க வேண்டும், நான் என்ன செய்ய என்றார். தாளைத் திருப்பித் தரும்படி கேட்டேன். தரவில்லை. குண்டூசியால் அத்தையின் மனுவோடு சேர்த்துக் குத்திக்கொண்டார். அடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள். கொலுசு கொண்டுவந்த பெண் உள்ளே போனாள்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அந்தோணி அண்ணன் பனிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார், யாரும் தொடவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. அத்தை என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டாள்:

"எம் பேரு எத்தனாவதா இருந்துச்சு?"

"மூணாவதா. எனக்கு முன்னாடி."

"அப்ப வெட்டல."

எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அதை அவளிடம் சொன்னேன். நாங்கள் கிளம்பிய அன்று நானுஓயாவில் ரயில் வந்து நின்றும் தாத்தா பெட்டியை ஏற்றவில்லை. பிளாட்பாரத்தில் நின்று மலைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விடக் காத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். கார்டு கொடியை ஆட்டிய பிறகுதான் ஏறினார்.

அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கையில் பிடித்திருந்தாள், குடிக்கவில்லை. "நானுஓயாவுல மேல பாதையில நின்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கீழ எறங்கல" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, கடிதத்திலும் எழுதச் சொன்னதில்லை.

ஆறாம் நாள் நான் திரும்பினேன். பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். வழியில் பாய்லரைக் காட்டினாள். அதற்குள் கோழி அடை வைத்திருந்தாள். "இதையும் என்னையும் தூக்கிட்டுப் போக இங்க ரயில் இல்லடா" என்று சொல்லிச் சிரித்தாள். இறங்கி வரும்போது பஸ் எங்கும் நிற்கவில்லை. ஒருமுறையாவது நிற்காதா என்று இருந்தது.

மனு தள்ளுபடி என்று மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. பிறகு இத்தனை நாளும் அவள் எந்த நாட்டுக்காரியும் இல்லாமல் லீக்ஸ் சுமந்தாள். போன வருஷம், இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே அனுப்பப்படுகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. அவள் இந்த ஊரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆகையால் சின்னவனே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அத்தை அவள் ஊரை விட்டுவிட்டு வரவில்லை. உன் அப்பன் ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தான், அதனால் வருகிறாள். யாராவது அவளைச் சிலோன்காரி என்றால் சண்டை போடாதீர்கள். அவள் சிலோன்காரிதான். அவள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆற்றங்கரைப் பக்க அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

சரோஜா, உனக்கு ஒரு வேலை. அத்தை வந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத் தாலுகா ஆபீஸுக்குப் போக வேண்டும். அங்கிருந்து அவள் தாள்கள் கொண்டுவருவாள், இங்கேயும் தாள்கள் கேட்பார்கள். நீ இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிறாய். ஒவ்வொரு தாளையும் அத்தையையும் என்னையும் உட்காரவைத்துப் படித்துச் சொல். தெரியாத சொல் வந்தால் டீச்சரிடம் கேள், எந்த ஆபீஸ் படி ஏற வேண்டியிருந்தாலும் நான் கூட வருகிறேன். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிடாதே. கடைசி வரி வரைக்கும் படி. அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை என் கையில் கொடுக்க வேண்டும்.